மார்க் ஃபிட்ரிச்: நாட்குறிப்பு

ஜூன் 24
1976 ஜூன் 28 அன்று டெட்ராய்ட் டைகர்ஸும் நியூயார்க் யாங்கீஸும் ஆடிய பேஸ்பால் ஆட்டத்தின் பதிவைப் பார்த்து முடித்தேன். டெட்ராய்ட்டின் பிட்சர் (பந்து வீசுபவர்) மார்க் ஃபிட்ரிச், 21 வயது, தொப்பிக்கு அடங்காத சுருட்டை முடி. பந்து வீசும் மேட்டில் மண்டியிட்டு, எதிரணி பிட்சரின் கால் தோண்டிய பள்ளத்தை வெறுங்கையால் நிரவுகிறார், அப்புறம் பந்தை முகத்துக்கு நேரே நீட்டி ஏதோ முணுமுணுக்கிறார். 5-1 என்று ஜெயித்த பிறகும் கூட்டம் கலையவே இல்லை, அவர் மறுபடி வெளியே வந்து முகம் காட்ட வேண்டியிருந்தது.

ஜூன் 26
செஸமி ஸ்ட்ரீட் என்ற குழந்தைகள் டிவி நிகழ்ச்சியில் வரும் அந்தப் பெரிய மஞ்சள் பறவையின் சாயல் இருந்ததால் ‘பறவை’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். யாராவது அடித்துவிட்டால் அந்தப் பந்தை நடுவரிடம் திருப்பிக் கொடுத்து வேறு பந்து கேட்பார். சக வீரர் நன்றாக ஃபீல்டிங் செய்தால் ஆட்டத்தின் நடுவிலேயே போய்க் கை குலுக்குவார். இதெல்லாம் விளம்பரத்துக்காகச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை, அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷம்!

ஜூன் 29
இன்று மனசே சரியில்லை. அந்த முதல் வருஷத்தில் 19 வெற்றி, 9 தோல்வி, 9 இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி 2.34, மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகம். சரி, ஆனால் தொடங்கிய 29 ஆட்டங்களில் 24-ஐக் கடைசிவரை அவரே வீசி முடித்திருக்கிறார், சிலவற்றில் வழக்கமான 9-ஐயும் தாண்டி 11 இன்னிங்ஸ்! அந்த வயதுப் பையனின் தோளுக்கு இது அநியாயம் என்றுதான் சொல்வேன். 1977 பயிற்சி முகாமில் முழங்கால் போனது, திரும்பி வந்த சில வாரங்களில் பால்டிமோரில் வீசிக்கொண்டிருக்கும்போதே கை செத்துப்போன மாதிரி ஆகிவிட்டது. தோள்பட்டைத் தசைநார் கிழிந்திருப்பதை 1985-இல்தான் டாக்டர் ஜேம்ஸ் ஆண்ட்ரூஸ் கண்டுபிடித்தார். அதற்குள் ஆட்டமே முடிந்துவிட்டதே! மொத்த வெற்றி 29-தான்.

ஜூலை 2
மாசசூசெட்ஸில் நார்த்பரோ பண்ணைக்கே திரும்பிப் போய், லாரி ஓட்டிப் பிழைத்தார். 1999-இல் டைகர் ஸ்டேடியத்தின் கடைசி ஆட்டத்தன்று பழைய வீரர்களை மைதானத்துக்கு அழைத்தபோது, நேரே மேட்டுக்கு ஓடிப்போய் மண்ணை அள்ளி ஒரு பையில் போட்டுக்கொண்டாராம். 2009 ஏப்ரல் 13 அன்று, தன் லாரிக்கு அடியில் படுத்து வேலை பார்க்கும்போது விபத்தில் இறந்தார், 54 வயது.

1976-இல் அவர் வீசிய மற்ற ஆட்டங்களின் பதிவு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். முதன்முதலாகத் தொடக்க பிட்சராக இறங்கி கிளீவ்லாந்தை 2-1 என்று ஜெயித்த மே 15 ஆட்டத்தைத்தான் முதலில் பார்க்க ஆசை.