3,500 கிலோ இழுக்குமாம்

ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு ரேஞ்சர், டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி பிக்கப் வைத்திருப்பவர்களைக் கேட்டால் முதலில் சொல்வது, “3,500 கிலோ இழுக்கும்!” இழுக்கும், சரி. ஆனால் அது, பின்னால் படகையோ சாமானையோ ஏற்றி இழுத்துப் போகும் டிரெய்லரில் தனி பிரேக் இருந்தால். பிரேக் இல்லாததென்றால் 750 கிலோவோடு சரி.

அப்புறம், வண்டியின் கொக்கியை அழுத்தும் எடை. பொதுவாக டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு. அது வண்டி தாங்கும் சுமைக் கணக்கில் கழியும். டிரெய்லரும் படகுமாக 3,000 கிலோ என்றால் 300 கிலோ அங்கேயே காலி. மீதியில்தான் நாலு பேர், ஐஸ் பெட்டி, மச்சானின் தூண்டில் மூட்டை எல்லாம்.

கொக்கி எடையைக் குறைக்கிறேன் என்று சாமானையெல்லாம் படகின் பின்பக்கம் தள்ளுகிறார்கள் சிலர். வேறு வினையே வேண்டாம்! நெடுஞ்சாலையில் வேகமெடுத்ததும் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். அப்போது பதறி பிரேக்கை மிதிக்கக்கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும், ஓட்டுபவர் பக்கத்திலிருக்கும் அதற்கான பொத்தானால், கையால் இயக்க வேண்டும்.

படகு இறக்கும் சரிவில் கூத்து வேறு மாதிரி. பாசி பிடித்த ஈரக் கான்கிரீட்டில் பின்சக்கரம் சும்மா சுழலும். நான்கு சக்கரத்துக்கும் விசை கொடுத்து லோ கியரில் போட்டால் அலுங்காமல் ஏறிவிடும். தண்ணீரில் விடுமுன் படகில் தண்ணீரை வடிக்கும் துளையின் அடைப்பானை மாட்டியாயிற்றா என்று குனிந்து பார்த்துவிடுங்கள்.