90 கிலோமீட்டர், 42 மீட்டர்: அறிவிப்புப் பலகை சொல்லாத கணக்கு

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், பேராக்கில் தாப்பா, பீடோர், சுற்றியுள்ள தோட்டங்கள் எல்லாவற்றிலும் பஸ் ஏற்பாடு தொடங்கிவிடும். கோயில் இளைஞர்கள் லெகோலாண்டுக்குப் பெயர் எடுப்பார்கள். பெற்றோர் சங்கம் கோலாலம்பூருக்குப் போகும். வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கும் பிள்ளைகள் இரவுப் பஸ் பிடித்து சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோவுக்குப் போவார்கள். பெயர் கொடுக்கும்போதே கேள்வி வரும்: "அண்ணே, அந்த ரோலர் கோஸ்டர்ல அம்மா ஏறலாமா? தம்பி தாங்குவானா?" பதில் சொல்பவர் வேகத்தையும் உயரத்தையும் சொல்லி முடித்துக்கொள்வார். அந்த இரண்டு எண்களை மட்டும் நம்பி ஒருவரை ஏற்றக்கூடாது என்பதற்காகவே இந்தப் பதிவு.

முதலில் வேகம். அபுதாபி ஃபெராரி வேர்ல்டில் 2010-இல் திறந்த ஃபார்முலா ரோசா, சுமார் 4.9 விநாடியில் 240 கிலோமீட்டர் வேகத்தைத் தொடும். ஜப்பானின் ஃபூஜி-கியூ பூங்காவில் இருந்த டோ-டோடொன்பா 1.56 விநாடியில் 180 கிலோமீட்டரை எட்டியது. வகுத்துப் பாருங்கள். முதலாவது சராசரியாக 1.4 ஜி, இரண்டாவது 3.3 ஜி. ஒரு ஜி என்பது நம் உடல் எடை அளவுக்கான விசை. அதாவது வேகம் குறைந்த சவாரிதான் முதுகை இரண்டு மடங்குக்கு மேல் அழுத்தியது. டோ-டோடொன்பாவில் ஏறியவர்களுக்கு எலும்பு முறிவு ஏற்பட்டதாகப் புகார்கள் வந்து, 2021 ஆகஸ்ட்டில் அதை நிறுத்தினார்கள். 2024-இல் நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தார்கள். 240-ஐத் தொடும் ஃபார்முலா ரோசாவில் கண்ணைக் காக்கக் கண்ணாடி கொடுக்கிறார்கள். அங்கே உடம்பு முக்கியமாக உணர்வது காற்றைத்தான்.

மாறாமல் நேராக ஓடும் வேகம் உடம்புக்குத் தெரியவே தெரியாது. பிளஸ் நெடுஞ்சாலையில் 110-இல் போகும்போது குழந்தை தூங்குகிறது அல்லவா? வேகம் மாறும்போதும் திசை திரும்பும்போதும்தான் விசை பிறக்கிறது. வளைவில் அந்த விசை, வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுத்தால் வரும்; அதை 9.8-ஆல் வகுத்தால் ஜி. 90 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 25 மீட்டர். 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில் அது 1.6 ஜி. 36 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 10 மீட்டர். 6 மீட்டர் ஆரத்தில் அது 1.7 ஜி. மோட்டார்சைக்கிளில் கடைக்குப் போகும் வேகத்தில் ஓடும் சின்ன வண்டி, பிரம்மாண்டமான கோஸ்டரின் வளைவுக்குச் சமமான விசையைத் தர முடியும்.

அந்த விசை உடம்பின் எந்தப் பக்கமாக வருகிறது என்பதும் முக்கியம். பெரிய கோஸ்டர்களில் வளைவில் தண்டவாளம் உள்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதனால் விசை தலையிலிருந்து கால் நோக்கி, இருக்கைக்குள் அழுத்துவதாக மாறிவிடும். முதுகும் இடுப்பும் அதை ஓரளவு நன்றாகவே தாங்கும். சாய்வே இல்லாத தட்டையான வளைவில் அதே 1.7 ஜி பக்கவாட்டில் வந்து இடுப்பைக் கைப்பிடியில் மோதவைக்கும், கழுத்தை ஒடிப்பதுபோல் இழுக்கும். பக்கவாட்டு விசைக்கு நம் கழுத்து தயாராகவே இல்லை. தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும் பழைய சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். 20 மீட்டர் ஆர வளைவில் கார் 40-இல் திரும்பினால் வெறும் 0.6 ஜிதான். ஆனாலும் பின்சீட்டில் இருப்பவர்கள் பிளாஸ்டிக் பை கேட்கிறார்கள். அங்கே விசை சிறிது, ஆனால் ஒரு மணி நேரம் விடாமல் இடமும் வலமும் மாறி மாறி வருகிறது.

எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதை மக்கள் கணக்கிலேயே எடுப்பதில்லை. ஒரு பள்ளத்தின் அடியில் கால் விநாடி வந்துபோகும் 4 ஜி ஒரு தட்டு மாதிரி, கத்திவிட்டுச் சிரிக்கலாம். அதே 4 ஜி நான்கைந்து விநாடி நீடித்தால் இரத்தம் காலுக்கு இறங்கி, கண் முதலில் பாதிக்கப்படும். நிறங்கள் போகும், ஓரங்கள் இருளும். அமெரிக்காவின் கிங்ஸ் டொமினியன் பூங்காவில் 2010-இல் இன்டிமிடேட்டர் 305 என்ற பெயரில் திறந்த கோஸ்டரில் இதுதான் நடந்தது. 93 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கியவுடனே நீண்ட பெரிய வளைவு. பயணிகள் பலருக்குப் பார்வை மங்கியது. முதலில் இறக்கத்திலேயே வேகத்தைக் குறைத்தார்கள். அந்தப் பருவம் முடிந்ததும் வளைவையே கழற்றி, ஆரத்தைப் பெரிதாக்கி மாற்றிக் கட்டினார்கள். பாதுகாப்புத் தரங்களும் ஒரே உச்ச எண்ணை மட்டும் வைப்பதில்லை. எத்தனை விநாடிக்கு எத்தனை ஜி என்றே வரம்பு போடுகின்றன.

விசை எவ்வளவு திடீரென்று ஏறுகிறது என்பதற்கு லூப்பின், அதாவது தலைகீழாகச் சுற்றும் வளையத்தின், வரலாறே சாட்சி. 1895-இல் நியூயார்க் கோனி தீவில் ஓடிய ஃபிளிப் ஃபிளாப் ரயில்வேயின் லூப் கிட்டத்தட்ட முழு வட்டம். முழு வட்டத்தில் உச்சியில் விழாமல் சுற்ற வேண்டுமென்றால், உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தாலும், அடியில் குறைந்தது 6 ஜி வரும். அதுவும் நேர்த் தண்டவாளத்திலிருந்து வட்டத்துக்குள் நுழையும் அதே நொடியில், தயாராக இடமே கொடுக்காமல் வரும். கழுத்து வலியோடு இறங்கினார்கள் என்பதில் வியப்பில்லை. 1976-இல் அமெரிக்காவின் மேஜிக் மவுண்டனில் திறந்த ரெவல்யூஷன்தான் இதற்கு நல்ல விடை கொடுத்தது. ஷ்வார்ஸ்கோப் கட்டினார், வெர்னர் ஸ்டெங்கல் கணக்குப் போட்டார். லூப்பைக் கண்ணீர்த்துளி வடிவில் வரைந்தார்கள். வேகம் அதிகமுள்ள அடியில் ஆரம் பெரிது, வேகம் குறையும் உச்சியில் ஆரம் சிறிது. இன்று நாம் பார்க்கும் லூப்கள் ஏறக்குறைய அனைத்தும் அந்த வழி வந்தவைதான். ஆகவே தலைகீழாகச் சுற்றுகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைக் கடுமை என்று எண்ண வேண்டாம். பார்க்கப் பயமாக இருக்கும் சுற்று, நன்றாக வடிவமைத்திருந்தால் உடம்புக்கு எளிது.

இருக்கையைவிட்டு எழும்பும் உணர்வு தனி வகை. மேட்டின் உச்சியைத் தாண்டும்போது உடம்பு மேலே போகவும் வண்டி கீழே போகவும் முயலும். சிலருக்கு வயிற்றில் பட்டாம்பூச்சி பறக்கும். சிலர் இதைத்தான் எல்லாவற்றையும்விட வெறுப்பார்கள். லூப் முழுக்கக் கண்ணைத் திறந்திருப்பவர்கள்கூட ஒரு சின்ன மேட்டில் அலறுவதைப் பார்க்கலாம். முதல்முறை ஏறுபவரிடம் "ஊஞ்சல் உச்சிக்குப் போகும்போது பிடிக்குமா, பிடிக்காதா?" என்று கேளுங்கள். வேறு எந்தக் கேள்வியும் இவ்வளவு சரியான பதிலைத் தராது.

இனி நம் பஸ்கள் போகும் இடங்கள்.

கோலாலம்பூர் பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேரின் சூப்பர்சானிக் ஒடிஸி, இன்டாமின் நிறுவனம் செய்தது. கடைத்தொகுதிக்குள்ளேயே ஏறக்குறைய 800 மீட்டர் தண்டவாளம், மூன்று தலைகீழ்ச் சுற்றுகள். தூணும் கூரையும் மிக அருகில் இருப்பதால் ஓடும் வேகத்தைவிட அதிகமாகத் தெரியும். கண் தரும் பயம் பாதி, உடல் தரும் விசை பாதி. அம்மாக்களுக்கு இது பரிந்துரைக்கத் தக்கதல்ல. பதின்ம வயதினருக்கு நல்ல முதல் லூப். மழையால் நிற்காது என்பது நம் நாட்டில் பெரிய வசதி.

ஜொகூரில் 2012-இல் திறந்த லெகோலாண்டில் பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். டிராகன் என்றதும் பயப்படுகிறார்கள். அது கோட்டைக்குள் மெதுவாகப் போய்ப் பொம்மைக் காட்சிகளைக் காட்டிவிட்டு, வெளியே வந்து மிதமாக ஓடும் குடும்பச் சவாரி. புராஜெக்ட் எக்ஸ் என்ற பெயரில் திறந்து பிறகு கிரேட் லெகோ ரேஸ் ஆன சவாரிதான் கழுத்துக்குக் கடினம். அது வைல்ட் மவுஸ் வகை. சிறிய தனி வண்டி, சாய்வில்லாத கொண்டை ஊசி வளைவுகள். இவ்வகை வண்டிகளில் சக்கரங்கள் பின்தள்ளி இருப்பதால், மூக்கு தண்டவாளத்தைத் தாண்டி வெளியே போன பிறகே வண்டி திரும்பும். கீழே விழப்போகிறோம் என்று மூளை முடிவுகட்டிவிடும். மேலே போட்ட 36 கிலோமீட்டர் கணக்கு இந்த வகைக்காகத்தான். டிராகனில் தாத்தா பாட்டி ஏறலாம். இதில் கழுத்துவலி உள்ள எவரும் ஏறவேண்டாம்.

சிங்கப்பூர் யுனிவர்சலில் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா, வெகோமா நிறுவனம் செய்த இரட்டைக் கோஸ்டர். உயரம் 42.5 மீட்டர், இரண்டு பக்கமும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஒரே பலகை, ஒரே எண்கள், ஆனால் அனுபவம் வேறு. ஹ்யூமன் பக்கம் உட்கார்ந்து போவது, தலைகீழ் இல்லை. சைலான் பக்கம் கால் தொங்கும், ஐந்து தலைகீழ்ச் சுற்றுகள். வேகத்தையும் உயரத்தையும் வைத்து ஒப்பிடுவது ஏன் பயனற்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நமக்குப் பக்கத்தில் இல்லை. 2010-இல் திறந்த சில நாட்களிலேயே இருக்கைப் பழுதால் நிறுத்தினார்கள். 2013-இல் மறுபடி நிறுத்தி, நான்கு பேர் வரிசையை இரண்டு பேராகக் குறைத்து 2015-இல் திறந்தார்கள். அதே பூங்காவின் மம்மி கோஸ்டர் இருட்டில் ஓடுவது. எண்ணில் சைலானை நெருங்காது. ஆனால் அடுத்த திருப்பம் தெரியாததால் உடம்பு முன்கூட்டியே இறுக்கிக்கொள்ள முடியாது. சிறிய விசையும் பெரிதாக விழும். பயந்த சுபாவம் உள்ளவருக்கு ஹ்யூமனைவிட மம்மியே கடினமாக இருக்கலாம்.

உட்காரும் வரிசையும் ஒரே சவாரியை இரண்டு சவாரியாக்கும். கடைசி வரிசை உச்சியைத் தாண்டும்போது வண்டித்தொடரின் பெரும்பகுதி ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும். அதனால் அது அதிக வேகத்தில் இழுபட்டு, இருக்கையிலிருந்து கூடுதலாக எழும்பும். முன்வரிசை உச்சியில் தயங்கி, தொங்கி, பிறகே இறங்கும். பள்ளத்தின் அடியில் அழுத்தம் அதிகம் வருவது நடு வரிசைக்கு, ஏனென்றால் தொடரின் நடுப்பகுதி அடியில் இருக்கும்போதுதான் வேகம் உச்சம். குலுக்கல் வேண்டாதவர்கள் சக்கர அச்சுக்கு நேர் மேலே உள்ள இருக்கையைத் தவிர்த்து, வண்டியின் நடுவில் உட்காருவது நல்லது. முதல்முறை ஏறும் பிள்ளைக்கு முன்னிலிருந்து இரண்டாவது அல்லது மூன்றாவது வரிசை. கடைசி வரிசை வேண்டவே வேண்டாம்.

தோளில் இறங்கும் தடுப்பு இன்னொரு தொல்லை. குறைந்தபட்ச உயரத்தை இப்போதுதான் தொட்ட பிள்ளைக்கு, தடுப்பின் மெத்தை தோளில் உட்காராமல் காதருகே நிற்கும். பக்கவாட்டு அசைவில் காது இரண்டு பக்கமும் அடிபடும். பேட்டில்ஸ்டாருக்கு 125 சென்டிமீட்டர் என்றால், அது தடுப்பு பிடித்துக்கொள்ளும் உயரம். சவாரி இதமாக இருக்கும் உயரம் அல்ல. தலையை ஆரம்பத்திலிருந்தே பின்பக்க மெத்தையில் ஒட்டவைத்து, பார்வையைத் தண்டவாளத்தின் மேல் வைக்கச் சொல்லுங்கள். கீழே குனிந்து கண்ணை மூடுபவர்களுக்குத்தான் கழுத்து பிடிக்கும், குமட்டலும் வரும்.

இந்த விசையைப் போனில் அளந்து பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஃபைபாக்ஸ் செயலி இலவசமாகக் கிடைக்கிறது. போனை மேசைமேல் வைத்தால் 9.8 காட்டவேண்டும். அந்த எண்ணால் வகுத்தால் ஜி. பூங்கா அனுமதிக்கும் மெதுவான சவாரிகளில் மட்டும், ஜிப் போட்ட பையில், உடம்போடு இறுக்கிக் கட்டி அளக்கவும். தளர்வாக இருந்தால் போன் குதித்து 7, 8 ஜி என்று பொய்க் கூர்முனைகள் வரும். விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சராசரி எடுத்தால்தான் உண்மையான உருவம் தெரியும். பேட்டில்ஸ்டாரில் உலோகச் சோதனை உண்டு, போன் உள்ளே போகாது. போகவும் கூடாது. அந்த வேகத்தில் நழுவும் போன் கீழே நிற்பவரின் மண்டையை உடைக்கும். அங்கே இறங்கியவுடன் எழுதிவையுங்கள்: அழுத்தியதா, எழும்பியதா, பக்கமாக அடித்ததா, எங்கே வலிக்கிறது, எத்தனையாவது வரிசை. அடுத்த வருடம் பஸ் ஏற்பாடு செய்பவருக்கு இந்தத் தாள் பொன்.

இரத்த அழுத்தம், இதயநோய், முதுகெலும்புப் பிரச்சினை உள்ளவர், அண்மையில் அறுவை செய்தவர், கர்ப்பிணி ஆகியோர் கடுமையான எதிலும் ஏறக்கூடாது. "ரெண்டு நிமிஷம்தானே, வாங்க அத்தே" என்று யாரும் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். விடியற்காலையில் கிளம்பும் பஸ் உலு பெர்ணம் ஓய்விடத்தில் நிற்கும்போது சாந்தான் போட்ட நாசி லெமாக்கும் சம்பாலும் வயிறுமுட்டப் பசியாறினால், பத்து மணிக்கு அது திரும்பி வரும். ரொட்டி, வாழைப்பழம், கொஞ்சம் தேநீர் போதும். வெறும் வயிறும் ஆகாது. வெயிலில் வரிசையில் நின்று தண்ணீர் குடிக்காமல் ஏறினால் தலைசுற்றல் சீக்கிரம் வரும்.

வெளிப்புறக் கோஸ்டர்களைப் பகல் இரண்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். பிற்பகலில் இடி மின்னல் வந்தால் நிறுத்திவிடுவார்கள், எப்போது திறப்பார்கள் என்பது மேகத்தின் கையில். கெந்திங்கில் மூடுபனியும் சேர்ந்துகொள்ளும். உள்ளரங்கு சவாரிகளையும் காட்சிகளையும் மாலைக்கு வைத்துக்கொண்டால், பஸ் புறப்படும் ஆறு மணிவரை யாரும் கூரைக்கடியில் சும்மா நிற்க வேண்டியிருக்காது.