இயந்திரம் வந்தால் மட்டும் போதுமா?

ஐக்கிய நாடுகள் தொழில் வளர்ச்சி அமைப்பின் 2020-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, ரோபோ, முப்பரிமாண அச்சு போன்ற மேம்பட்ட டிஜிட்டல் உற்பத்தித் தொழில்நுட்பங்களுக்கான உலகக் காப்புரிமைகளில் சுமார் 90 விழுக்காடும் ஏற்றுமதியில் சுமார் 70 விழுக்காடும் பத்தே பொருளாதாரங்களின் கையில் இருந்தன. மற்றவர்கள் பெரும்பாலும் வாங்கிப் பயன்படுத்துபவர்கள்தாம். வளரும் நாடுகளின் சிறு நிறுவனங்கள் பலவோ இன்னும் வாங்கவே தொடங்கவில்லை.

பணமில்லாததே காரணம் என்பது பாதி உண்மை. கணினி வழி இயங்கும் கடைசல் இயந்திரத்தைக் கடன் வாங்கியாவது நிறுவிவிடலாம்; ஆனால் நிரலைப் பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றுவதும், எத்தனை உருப்படிகள் தேறின, எத்தனை கழிந்தன என்பதை மேற்பார்வையாளர் நோட்டில் குறித்துவைப்பதும் தொடரும் வரை, அது வேகம் கூடிய பழைய இயந்திரமே. வெட்டுக்கருவி தேய்வதை முன்கூட்டியே அறிய வேண்டுமானால் அதிர்வை அளக்கும் சென்சார் வேண்டும், அளவீடுகளைத் தொடர்ந்து சேமிக்கத் தடையற்ற மின்சாரம் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அவற்றைப் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளோ, பயிற்சி முடிந்த கையோடு பெரிய நிறுவனத்துக்குப் போய்விடக்கூடும்!

கூலி குறைவான இடத்தில் ரோபோவுக்குச் செலவிட முதலாளி தயங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பழைய இயந்திரத்திலேயே மலிவான சென்சாரைப் பொருத்தி, அது எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்று அளந்து பார்க்கப் பெரிய முதலீடு தேவையில்லை. அரசு மானியங்கள் இதற்கும் கிடைக்க வேண்டும்.