செக் லைட் எரியாத வண்டி

2003 மாடல் பெட்ரோல் கார். மே மாத மத்தியானம், அரவக்குறிச்சியைத் தாண்டியதும் பொசுக்கென்று நின்றது. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டுச் சாவியைத் திருப்பினால், ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. அதன்பிறகு வாரம் ஒரு தடவையாவது இதே கூத்து.

முதல் மெக்கானிக் பெட்ரோல் பம்பைச் சந்தேகப்பட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. சூட்டில் நின்று, ஆறியதும் ஓடுகிற வண்டிக்கு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். பின்சீட்டைத் தூக்கிப் பம்பை மாற்றினார். நாலாயிரத்துச் சொச்சம். பத்தாவது நாள் திரும்ப நின்றது.

இரண்டாமவர் ஸ்கேனரை மாட்டினார். அது வண்டியோடு பேசவே இல்லை. "இசிஎம் போச்சுண்ணே. பழசு ஒண்ணு பதினெட்டாயிரத்துக்கு வாங்கித் தர்றேன்" என்றார். இசிஎம் என்றால் இன்ஜினை ஆட்டிவைக்கிற கம்ப்யூட்டர் பெட்டி. வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்து ஸ்கேனருக்குச் சொல்லும் ஓபிடி வசதி நம் நாட்டில் கார்களுக்குக் கட்டாயமானதே 2010-ல்தான். அதற்கு முந்தைய வண்டியில் ஸ்கேனர் பேசவில்லை என்பதற்காக மட்டும் இசிஎம்முக்குக் கருமாதி செய்வதா? பணத்தைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, வயரிங் படத்தை அச்செடுத்து உட்கார்ந்தேன்.

என் வண்டியில் விஷயம் இப்படிப் போகிறது. சாவியைப் போட்டதும் மெயின் ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டைப் போடுகிற ஸ்விட்ச்) வழியாக இசிஎம்முக்குக் கரண்ட் வரும். அது விழித்ததும் பம்ப் ரிலேயின் காயிலுக்கு எர்த் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்புகிற வழி) கொடுக்கும், பம்ப் ஓடும். பின்சீட்டுக்கு அடியில் இரண்டு விநாடி 'உய்ங்' என்று கேட்கும். பிறகு இன்ஜின் சுற்றுவதாக கிராங்க் சென்சார் சொன்னால்தான் பம்ப் தொடர்ந்து ஓடும். ஆக, சத்தம் வரவில்லை என்றால் பம்ப் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பானெட்டை மூடி, ஏசியைப் போட்டு, வாசலிலேயே ஓடவிட்டேன். நாற்பது நிமிஷத்தில் நின்றது. இவ்வளவு சந்தோஷமாக ஒரு வண்டி நின்றதைப் பார்த்ததில்லை! பம்ப் ரிலேயைப் பிடுங்கி, சாக்கெட்டில் கரண்ட் வருகிற 30, பம்புக்குப் போகிற 87 என்ற இரண்டு முனைகளையும் ஃபியூஸ் வைத்த ஒயரால் இணைத்தேன். பம்ப் ஓடியது. அப்படியும் ஸ்டார்ட் ஆகவில்லை.

அப்போதுதான் டேஷ்போர்டைப் பார்த்தேன். ஆயில் லைட் எரிகிறது, பேட்டரி லைட் எரிகிறது, இன்ஜின் கோளாறைக் காட்டுகிற செக் லைட் மட்டும் இல்லை. சாவி போட்டதும் அது எரிந்தே ஆகவேண்டும். அதற்கும் எர்த் கொடுப்பது இசிஎம்தான். அது எரியவில்லை என்றால் இசிஎம் விழிக்கவே இல்லை. மூன்று மாதமாக, வண்டி நின்றபோதெல்லாம் அந்த இடம் இருட்டாக இருந்ததை நான் உட்பட ஒருவரும் கவனிக்கவில்லை.

இனி பம்பை விட்டுவிட்டு இசிஎம்மின் கரண்ட், எர்த் இரண்டையும் பார்த்தால் போதும். கரண்ட் 12.4 வோல்ட், குறையில்லை. எர்த்தை முந்தின நாள் வண்டி ஆறியிருந்தபோது மீட்டரில் பார்த்திருந்தேன், சரியாகத்தான் காட்டியது. மீட்டர் இழுக்கிற கரண்ட் கொஞ்சம்தான். அதற்கு ஒயரின் ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலே போதும். அதனால் 21 வாட் பிரேக் பல்பை எடுத்து, ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும், மறுமுனையை இசிஎம் பிளக்கின் பின்பக்கம் குண்டூசி செருகி எர்த் ஒயரிலும் வைத்தேன். அணையப்போகிற கங்கு மாதிரி மங்கலாக எரிந்தது. கோளாறு எர்த்தில்தான்.

(இந்த வேலையைக் கரண்ட், எர்த் ஒயர்களில் மட்டும் செய்யுங்கள். பல்பு இரண்டு ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும். 5 வோல்ட் சென்சார் ஒயரில் தொட்டால் நல்ல இசிஎம்மையும் கொன்றுவிடும்.)

எர்த் ஒயர்கள் மூன்றும் ஒரே லக்கில் (ஒயர் முனையில் மாட்டுகிற உலோக வளையம்) சேர்ந்து இன்டேக் மேனிஃபோல்டு பக்கத்தில் போல்ட்டில் இறுகியிருந்தன. லக்கும் போல்ட்டும் பளபளவென்று இருந்தன. ஒயரைப் பிடித்து லேசாக ஆட்டினேன். உள்ளே பல்பு பளிச்சென்றது. டேப்பைப் பிரித்தால், லக் ஒயரை நசுக்கிப் பிடிக்கிற கிரிம்ப் முழுக்கப் பச்சைக் களிம்பு. ஒட்டிக்கொண்டிருந்தவை நாலைந்து இழைகள்தான். இன்ஜின் சூட்டில் அதுவும் விலகியிருக்கிறது.

செம்பு நிறம் தெரியும்வரை வெட்டி, புது லக் வைத்து நசுக்கி, ஈயமும் வைத்தேன். பேட்டரி நெகட்டிவுக்குத் தனியாக ஒரு ஒயரும் இழுத்துவிட்டேன். எல்லாம் சேர்த்து நூறு ரூபாய் ஆகவில்லை.

இரண்டாவது மெக்கானிக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அப்ப அந்த இசிஎம்முக்கு அட்வான்ஸ் குடுத்துட்டனேண்ணே" என்றார்.