ஆச்சியின் பச்சைக்கல்

நெல்லை டவுனில் ஒரு நகைக்கடையின் கல் பிரிவில் 11 வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். புதன்கிழமை வந்தால் பச்சைக்கல் கேட்டு ஆள் வரும். புதன் சரியில்லையாம், தென்திருப்பேரை போய்க் கும்பிட்டாச்சாம், சுண்டுவிரலில் மரகதம் போட ஜோசியர் சொன்னாராம். விலையைச் சொன்னதும் குரல் இறங்கிவிடும்.

அப்படி ஒரு புதன்கிழமைதான் அந்த ஆச்சி வந்தார். முந்தியில் முடிந்திருந்த வெள்ளி மோதிரத்தை அவிழ்த்து வைத்தார். "எங்க வீட்டுக்காரவுக நாப்பது வருஷம் போட்டிருந்தாவ. மரகதம்னு சொல்லித்தான் வாங்குனாவளாம். பேரனுக்குப் போடணும். கல்லு ஆடுது, பாத்துக் குடுங்கய்யா."

பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். பச்சைக்குள் பொடிப்பொடியாகத் தகடுகள். மோதிரத்தைச் சாய்த்தால் ஒரு பக்கம் அணைந்து மறுபக்கம் மின்னின. மரகதத்துக்குள் இப்படி இருக்காது. இது அவெஞ்சுரின், குவார்ட்ஸ் என்ற படிகக்கல்லின் வகை. மின்னுவது காக்காப்பொன் (மைக்கா), அதிலுள்ள குரோமியம்தான் பச்சை நிறத்துக்குக் காரணம். மரகதத்துக்கும் பெரும்பாலும் அதே குரோமியம்தான் நிறம் கொடுக்கிறது, ஆனால் அது பெரில் என்ற வேறு கனிமம். அவெஞ்சுரின் நம் பக்கத்துக் கர்நாடகத்திலேயே கிடைக்கிறது. வெளிநாட்டில் 'இந்திய ஜேடு' என்று விற்கிறார்கள். ஜேடு வேறொரு பச்சைக்கல், அதற்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. பாவம், எங்கே போனாலும் இதற்கு அடுத்த கல்லின் பெயர்தான்.

ஒன்றும் சொல்லாமல் கல்லை இறுக்கிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். சொல்லாமல் விட்டதன் பலனை நான் ஒருமுறை பார்த்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு டீச்சருக்கு இளம்பச்சை டாலர் விற்றேன். அது பிரசியோலைட். சிலவகைச் செவ்வந்திக்கல்லை 500 டிகிரி வாக்கில் சூடாக்கியோ, குவார்ட்ஸுக்குக் கதிர்வீச்சு கொடுத்தோதான் பெரும்பாலும் அந்த நிறத்தைக் கொண்டுவருவார்கள். வெயில் பட்டுக்கொண்டே இருந்தால் வெளுக்கக்கூடும். நம்மூர் வெயிலைக் கேட்கவா வேண்டும்! இரண்டு கோடை கழித்து வந்தார். டாலர் நீர்மோர் நிறத்தில் இருந்தது. "வாங்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல தம்பி?" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதனால் ஆச்சியிடம் சொன்னேன். "ஆச்சி, இது மரகதம் இல்ல. அவெஞ்சுரின்னு வேற கல்லு. ஆனா கண்ணாடி இல்ல, மண்ணுக்குள்ள விளைஞ்ச நல்ல கல்லு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவுகளுக்குத் தெரிஞ்சிருக்காது. குளிக்கும்போதுகூடக் கழத்த மாட்டாவ" என்றார். "வெள்ளி கறுத்தா திருநீறு போட்டுத் தேய்ப்பேன். செய்யலாமா?"

வெள்ளியைத் தேய்க்கலாம், கல்லில் வேண்டாம் என்றேன். கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோ அளவில் குவார்ட்ஸ் 7. கத்தியின் எஃகைவிடக் கெட்டி. ஆனால் தாமிரபரணி மணலிலும் பெரும்பங்கு அதே குவார்ட்ஸ்தான். தூசியில் கலந்திருக்கும் மணல், உலர்ந்த துணியால் துடைக்கும்போது கல்லைக் கீறி மங்கவைத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு, குழந்தை பல்துலக்கும் பிரஷ், அவ்வளவு போதும். கடையில் நகை கழுவ வைத்திருக்கும் அல்ட்ராசானிக் மெஷினில் நான் இதைப் போடுவதில்லை. ஆசாரியிடமும் தீ காட்டாமல் கல்லைப் பிடித்திருக்கும் வெள்ளிக் கட்டு மட்டும் இறுக்கச் சொன்னேன்.

மோதிரத்தை வாங்கிக்கொண்டு, "அந்தப் பேரு என்ன சொன்னிய? பேரன் கேப்பான்" என்றார். துண்டுச்சீட்டில் 'அவெஞ்சுரின்' என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். மோதிரத்தோடு அதையும் சேர்த்து முந்தியில் முடிந்துகொண்டார்.