ஒரு வாய் தீத்தினால் என்ன?

பெறாமகனுக்குக் குறோன்ஸ் நோய் (குடல் அழன்று புண்ணாகும் நாட்பட்ட நோய்) என்று உறுதியானதிலிருந்து அக்கா வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர் எல்லாரும் கேட்பது இதைத்தான். பெடியன் ஏற்கெனவே மெலிந்துபோய் இருக்கிறான், அவனுக்குப் போய்ச் சோறு கறியை நிற்பாட்டி வெறும் பாலைக் குடுக்கிறியளே, உங்களுக்கென்ன கல்நெஞ்சோ என்று.

சரி, முதலில் அது வெறும் பால் இல்லை. கடையில் வாங்கும் பால்மாவும் இல்லை. கலோரி, புரதம், விற்றமின் எல்லாம் கணக்காகச் சேர்த்த மருத்துவ உணவு. 6 முதல் 8 கிழமைக்கு அதுவும் தண்ணீரும்தான், நோயை அடக்கும் மருந்தே அதுதான். ஸ்டெரொயிட்டும் நோயை அடக்கும், ஆனால் முகம் வீங்கும், வளர்த்தியைத் தடுக்கும். குறோன்ஸே பிள்ளையின் வளர்த்தியைத் தின்னும்போது அது வேறா? பெருங்குடலை மட்டும் பிடிக்கிற அல்சரேட்டிவ் கொலைற்றிஸுக்கு இந்த முறை சரிவராது, ஆகவே டொக்டர் சொல்லாமல் யாரும் தொடங்கவேண்டாம்.

அந்த ஒரு வாய்க்கு வருகிறேன். 2006 இல் இங்கிலாந்தில் 50 பிள்ளைகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு பகுதியினருக்கு 6 கிழமை முழுக்கத் திரவ உணவு மட்டும், மற்றவர்களுக்குப் பாதி அது, பாதி வழமையான சாப்பாடு. முதல் கூட்டத்தில் 42% பேருக்கு நோய் அடங்கியது, மற்றதில் 15% தான். சாப்பாட்டை நிற்பாட்டுவதும் மருந்தின் ஒரு பங்கு என்று இதற்குமேல் எப்படிச் சொல்ல?

அக்கா அந்தத் திரவ உணவைக் குளிரவைத்து, மூடி போட்ட கப்பில் ஸ்ட்ரோவோடு கொடுப்பாள், மணம் மூக்கில் அடிக்காமல் இருக்க. மீன் பொரிப்பதெல்லாம் அவன் ரியூசனுக்குப் போன பிறகு. அத்தான் பாவம், இரவில் குசினிக்குள் நின்றபடி புட்டுச் சாப்பிடுகிறார்.

பிறகு சாப்பாட்டை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்ப்பார்கள். இந்த நோய்க்கென்றே இஸ்ரேலில் வகுத்த ஓர் உணவுமுறையும் இருக்கிறது, அதில் சோறு, முட்டை, கோழி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம் எல்லாம் உண்டு. பாண், பால், பெட்டியில் அடைத்து வருவது கூடாது. எங்கள் அடுப்படிக்கு அது பெரிய கஷ்டமில்லை. (மிளகாய்த்தூளால் வந்த நோய் என்று சொல்லும் மாமிமார் தயவுசெய்து நிற்பாட்டுங்கோ. தூள் தின்னாத வெள்ளைக்காரருக்கும் இது வருகிறது.)

அதுவரைக்கும் பார்க்க வருகிறவர்கள் பிஸ்கற் பெட்டியும் கேக்கும் கொண்டுவராதேங்கோ. வந்து அவனோடு கரம் விளையாடுங்கோ, ஆனால் தோற்கத் தயாராக வாங்கோ.