மொறிஸ் மைனரின் காபரேற்றரைக் கழற்றிப் பூட்டியது

யாழ்ப்பாணத்தில் பழைய கார் வைத்திருக்கும் யாரிடமாவது “வண்டி இழுக்குதில்லை” என்று சொல்லிப் பாருங்கள். “காபரேற்றரைப் பாரும்” என்பதுதான் உடனே வரும் பதில். பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குள் விடும் பாகம் அது. அநேகமாகப் பழுது வேறெங்காவது இருக்கும். எங்கள் மொறிஸ் மைனரில் உண்மையாகவே காபரேற்றரில்தான் பழுது. ஆனாலும் அதில் கை வைக்க முன்னர் தப்பெற் (வால்வைத் திறக்கும் பாகம்), பொயின்ற் (தீப்பொறிக்கான மின்சாரத்தை விட்டு நிறுத்தும் தொடுகை), பிளக் மூன்றையும் பார்த்து முடித்தேன். இடைவெளிகள் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில் தப்பெற்றுக்கு 12, பொயின்றுக்கு 15, பிளக்குக்கு 25. இவை பிழைத்திருந்தால் காபரேற்றரை எவ்வளவு திருகியும் பிரயோசனம் இல்லை.

கார் பெரியப்பாவுடையது. 1962 இலிருந்து மைனர்களுக்கு வந்த 1098 சீ.சீ. எஞ்சின், அதில் எஸ்.யூ. கம்பனியின் எச்.எஸ்.2 என்ற ஒற்றைக் காபரேற்றர், வாய் ஒன்றேகால் அங்குலம். 90களில் வடக்குக்குப் பெற்றோல் வராத காலத்தில் இங்கே மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் மண்ணெண்ணெயில் ஓடியது பலருக்கு ஞாபகம் இருக்கும். கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இந்தக் காரும் அப்படி ஓடியதுதான். மிதவைக் கிண்ணத்தைக் கழற்றியபோது அடியில் மண்ணிறப் பிசின் ஒரு படையாக ஒட்டியிருந்தது. தின்னரில் இரவு முழுக்க ஊறவைத்து, பழைய பல் தூரிகையால் தேய்த்துத்தான் எடுக்க முடிந்தது.

எஸ்.யூ.வைக் கழற்றப் பயப்படத் தேவையில்லை. மற்றக் காபரேற்றர்களில் ஐடிலுக்கு (வண்டி நிற்கையில் எஞ்சின் மெதுவாக ஓடுவதற்கு) ஒரு ஜெற் (பெற்றோல் வரும் சின்னத் துளை), ஓட்டத்துக்கு ஒன்று, அக்சிலரேற்றர் பம்ப் என்று துவாரங்கள் பல. இதில் ஒரே ஜெற், அதற்குள் ஏறி இறங்கும் ஒரே ஊசி. எஞ்சின் காற்றை இழுக்க, மேல் மூடிக்குள் இருக்கும் பிஸ்ரன் உயரும். ஊசி நுனி நோக்கி ஒடுங்கிப் போவதால் பிஸ்ரன் உயர உயர ஜெற்றில் இடைவெளி கூடும், பெற்றோலும் கூட வரும். அவ்வளவுதான் சங்கதி. இதைக் கண்டுபிடித்த ஜோர்ஜ் ஹேர்பேட் ஸ்கின்னர் சப்பாத்து வியாபாரக் குடும்பத்தவர். ஆரம்ப எஸ்.யூ.வில் பிஸ்ரனுக்குப் பதிலாகத் தோல் துருத்தி இருந்ததில் ஆச்சரியமில்லை!

பிஸ்ரனும் மூடியும் சோடியாகச் செய்யப்பட்டவை. ஒன்றின் பிஸ்ரனை இன்னொன்றின் மூடிக்குள் போடக் கூடாது. அரத்தாள் போடவே கூடாது. பெற்றோலில் கழுவித் துடைத்தால் போதும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பிஸ்ரனின் அடித் துளைகளை அடைத்து, டாம்பரையும் (பிஸ்ரனின் அசைவைத் தணிக்கும் தண்டு) பூட்டி, தலைகீழாகப் பிஸ்ரனைப் பிடித்துக்கொண்டு மூடியை விட்டால், அது முழுதாக இறங்க இந்த அளவுக் காபரேற்றரில் 3 முதல் 5 செக்கன் எடுக்க வேண்டும். எங்களுடையது அதற்குள் நின்றது. நிம்மதி, ஏனென்றால் அந்தச் சோடி தேய்ந்திருந்தால் செலவு வேறு கணக்கு.

உண்மையான பழுது திரொட்டில் ஸ்பிண்டிலில், அதாவது காற்று வழியைத் திறந்து மூடும் தட்டின் தண்டில் இருந்தது. பிடித்து ஆட்டினால் கண்ணுக்கே தெரிந்தது ஆட்டம். அந்த இடைவெளியால் களவாய்க் காற்று உள்ளே போகும், ஐடிலில் கலவை மெலியும், எஞ்சின் நின்று நின்று துடிக்கும். முன்னர் பார்த்தவர்கள் அதற்கு வைத்தியமாக, பெற்றோல் கூட வரும்படி ஜெற் நட்டைக் கீழே இறக்கி விட்டிருக்கிறார்கள். ஐடில் ஒருமாதிரி நிற்கும், ஆனால் றோட்டில் ஏறியதும் கரும்புகை, பெற்றோலும் பாழ். தெரிந்த லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன்.

“தம்பி, ஸ்பிண்டிலை மட்டும் மாத்தி வேலையில்லை. காபரேற்றர் பொடியில ஓட்டையும் முட்டை மாதிரித் தேஞ்சு போச்சு. புஷ் அடிச்சுத் தாறன்” என்றார் அண்ணை.

தேய்ந்த ஓட்டைக்குள் பித்தளைப் புஷ் (வளையம்) அடித்து, புது ஸ்பிண்டிலுக்கு அளவாக றீமர் ஓட்டித் தந்தார். ஸ்பிண்டில், ஜெற், ஊசி, மிதவை வால்வு, காஸ்கெற் எல்லாம் லண்டனிலிருந்து வந்த மச்சாள் பயணப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தாள். கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் விசாரித்தால் சில சாமான் கிடைக்கும், ஆனால் 1098க்கு உரிய ஏ.என். ஊசிதானா என்று கழுத்தில் பொறித்திருக்கும் எழுத்தைப் பார்த்தே வாங்க வேண்டும்.

திரொட்டில் தட்டைப் பிடிக்கும் இரண்டு சின்ன ஸ்குறூக்களையும் பற்றி ஒரு சொல். அவற்றின் நுனி பிளந்திருக்கும், கழன்று விழாமல் அதை விரித்து விட்டிருப்பார்கள். கழற்ற முன்னர் குறட்டால் நெருக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது புது ஸ்குறூ போட்டு, தட்டு வட்டமாக மூடுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பிறகு நுனியை விரிக்க வேண்டும். இதில் சோம்பல்பட்டால் ஸ்குறூ கழன்று நேரே எஞ்சினுக்குள்தான் போகும்.

அதிக நேரம் எடுத்தது ஜெற்றை நடுவுக்குக் கொண்டுவருவது. ஊசி ஜெற்றின் சுவரில் உரசக் கூடாது. ஊசியின் தோள் பிஸ்ரனின் அடிமட்டத்தோடு சமனாக இருக்கும்படி பூட்டி, கீழே இருக்கும் பெரிய லொக் நட்டைத் தளர்த்தி, ஜெற்றை முழுதாக மேலே தள்ளிப் பிடித்து, பிஸ்ரனை மேலிருந்து மெல்ல அழுத்தினால் ஊசி தானே ஜெற்றை நடுவுக்கு இழுக்கும். அந்த நிலையில் நட்டை இறுக்க வேண்டும். பிறகு பிஸ்ரனை விரலால் உயர்த்தி விட்டால் ‘டொக்’ என்று உலோகச் சத்தம் தெளிவாகக் கேட்க வேண்டும். ஜெற் மேலே இருக்கும்போதும் கீழே இறக்கியபோதும் ஒரே சத்தம் வர வேண்டும். எனக்கு முதலில் மேலே வைத்தால் மந்தமாகவும் கீழே வைத்தால் தெளிவாகவும் கேட்டது, அப்படியென்றால் உரசுகிறது. நட்டை இறுக்கும்போதே ஜெற் கொஞ்சம் திரும்பி விடுவதுதான் காரணம். ஜெற்றை மறு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு இறுக்கியபோது சத்தம் சரியாக வந்தது.

ரியூனிங் அதற்குப் பிறகு சுகம். ஜெற்றைப் பாலத்தோடு (காற்று வழியில் ஜெற் திறக்கும் மேடை) சமமாக்கி, நட்டை இரண்டு முழுச் சுற்று, அதாவது 12 பட்டை (நட்டின் ஆறு பக்கங்களில் ஒன்று ஒரு பட்டை), கீழே இறக்கினால் எஞ்சின் ஸ்ராட் ஆகும். டாம்பருக்குள் ஒயில் விட மறக்க வேண்டாம். அக்சிலரேற்றரை மிதித்ததும் பிஸ்ரன் திடீரென்று உயராமல் தடுத்து, அந்த நேரத்துக்கு வேண்டிய கூடுதல் பெற்றோலைத் தருவது அந்த ஒயில்தான். எஸ்.ஏ.ஈ. 20 என்று புத்தகம் சொல்லும். எஞ்சின் நன்றாகச் சூடானதும், பிஸ்ரனை அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு மட்டும் உயர்த்திப் பார்த்தேன். வேகம் கூடி அப்படியே நின்றால் கலவை தடிப்பு, எஞ்சின் அணையப் பார்த்தால் மெலிவு, ஒரு கணம் கூடி இறங்கினால் சரி. எங்களுடையது முதலில் அணையப் பார்த்தது. ஒவ்வொரு பட்டையாக இறக்கி, இடையில் ஒருக்கால் எஞ்சின் வேகத்தை உயர்த்தி விட்டு, திரும்பத் திரும்பப் பார்த்துச் சரிக்கட்டினேன். இன்னும் காற்றுக் கசிகிறதா என்று அறிய ஸ்பிண்டிலின் இரு முனையிலும் கிளீனர் அடித்துப் பார்த்தேன், எஞ்சின் சத்தம் மாறவே இல்லை. புஷ் வேலை சுத்தம்.

சாவகச்சேரி வரை ஓடிப்போய்ப் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தால் நாலும் இளம் மண்ணிறம். கரும்புகை இல்லை. இனி மிச்சம் ஒன்றுதான். இந்த எஞ்சினில் காபரேற்றரும் புகைக் குழாயும் ஒரே பக்கம், அதுவும் காபரேற்றருக்கு நேர் கீழே. மத்தியான வெயிலில் ஓடிவந்து நிறுத்தி, பத்து நிமிடத்தில் திரும்ப ஸ்ராட் பண்ணினால் கொஞ்சம் மல்லுக்கட்டுகிறது. கிண்ணத்தில் பெற்றோல் கொதித்து ஆவியாகிறது. இடையில் வைக்க அலுமினியத் தகடு ஒன்றை வெட்டி வைத்திருக்கிறேன், இரண்டு காஸ்கெற்றுக்கு நடுவே பூட்ட வேண்டும். தகட்டின் தடிப்புக்கு ஸ்ரட் (காபரேற்றரைப் பிடிக்கும் திருகாணி) நீளம் காணுமா என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.